ஒரு கதவின் அகலம்

சைக்கிள் பழகும் பிள்ளைக்கு நம் ஊரில் முதலில் கிடைக்கும் புத்திமதி "ஓரமாப் போ" என்பதுதான். பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறோம். குரங்குப் பெடல் போடும் வயதில் கேட்கத் தொடங்கும் அந்தக் குரல், ஓய்வுபெற்ற பிறகு காய்கறிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு திரும்பும் நாள்வரை பின்னாலேயே வருகிறது. அம்மா சொல்கிறாள், ஆட்டோக்காரர் சொல்கிறார், படியில் தொங்கும் கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே சொல்கிறார். அன்பாகச் சொல்பவர்களும் அதட்டுபவர்களும் சாலையில் ஒரே இடத்தைத்தான் கைகாட்டுகிறார்கள்.

அந்தப் புத்திமதி பிறந்த காலத்தில் ஓரத்தில் இருந்தவை வேறு. புழுதி இருந்தது, தூங்குமூஞ்சி மரத்தின் வேர் இருந்தது, திறந்த சாக்கடையின் கருங்கல் விளிம்பு இருந்தது. விழுந்தால் முழங்கால் சிராய்க்கும், அவ்வளவுதான். 1983 டிசம்பரில் முதல் மாருதி காரின் சாவி கைமாறியபோது பல தெருக்களில் கார் என்பது டாக்டர் வீட்டில் மட்டும் நின்ற பொருள். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வீடு கட்டியவர்கள் திண்ணைக்கு இடம் விட்டார்கள், கிணற்றுக்கு இடம் விட்டார்கள். கார் நிறுத்த இடம் விடவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. அந்த வீடுகள் அடுக்குமாடிகளாக மாறின. வண்டிகள் பெருகித் தெருவுக்கு வந்தன. இன்று சென்னையின் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் ஓரம் என்பது வரிசையாக நிற்கும் கார்களின் வலப்பக்கக் கதவுகள். "ஓரமாப் போ" என்றால் அந்தக் கதவுகளை உரசிக்கொண்டு போ என்று பொருள். சொல்பவருக்கும் அது தெரியாது, கேட்டுப் பழகியவருக்கும் தெரியாது. காலம் மாறி இடம் மாறிப்போன பிறகும் அறிவுரை மட்டும் அப்படியே இருக்கிறது.

கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறையாவது நிதானமாக யோசிக்கவேண்டும். சாதாரணமாக மிதித்துப் போகும் சைக்கிள் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வினாடிக்கு நான்கு மீட்டருக்குச் சற்று மேல். நம் நாட்டில் நான்கு மீட்டருக்குக் குறைவான கார்களுக்கு வரிச்சலுகை இருப்பதால் தெருவில் நிற்பவற்றில் பெரும்பங்கு அந்த நீளத்துக்குள் அடங்கியவை. ஆக, நிற்கும் கார்களின் வரிசையை ஒட்டிப் போகிறவர் ஏறக்குறைய வினாடிக்கு ஒரு காரைக் கடக்கிறார். கதவைப் பார்த்து, அது கதவு என்று மூளைக்கு எட்டி, விரல்கள் பிரேக்கை இறுக்குவதற்கே ஒரு வினாடி போய்விடும். அதற்குள் ஒரு கார் நீளம் முடிந்திருக்கும். அதன்பின் வண்டி நிற்க, நல்ல பிரேக்காக இருந்தால், இன்னும் மூன்று மீட்டர் வேண்டும். ராடு பிரேக் போட்ட பழைய சைக்கிளில், மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும்போது, எத்தனை மீட்டர் என்று எந்தக் கணக்கும் உதவாது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் காரின் கதவு திறந்தால் அதைத் தவிர்க்க உலகின் எந்த ஓட்டக்காரராலும் முடியாது. சாமர்த்தியம், அனுபவம், கவனம் எல்லாம் அந்த ஒரு வினாடிக்கு வெளியே நிற்பவை.

மோதுவதும் நாம் நினைப்பதுபோல் நேருக்கு நேராக இருப்பதில்லை. பெரும்பாலும் ஹேண்டில்பாரின் இடது நுனிதான் கதவின் விளிம்பில் மாட்டும். நுனி அங்கேயே நின்றுவிட, முன்சக்கரம் சட்டென்று இடப்பக்கம் திரும்பும். மேலே இருக்கும் உடம்போ வந்த வேகத்தில் வலப்பக்கம் சாயும். வலப்பக்கம் என்பது சாலை. பின்னால் வரும் பஸ்ஸோ தண்ணீர் லாரியோ அந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் மீதி எல்லாம். கதவு பட்ட காயத்தில் செத்தவர் குறைவு. கதவு ஒருவரைக் கீழே தள்ளுகிறது, வேறொரு வண்டி கொல்கிறது.

இதனால்தான் கணக்கில் இது மறைந்துபோகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கை, 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாகச் சொல்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடு முதலிடம்: 64,105. அந்த அறிக்கை மோதல்களை வகைபிரிக்கிறது. நேருக்கு நேர் மோதல், பின்னாலிருந்து மோதல், பக்கவாட்டில் மோதல், நின்றிருந்த வண்டியில் மோதல், தடம் விலகிக் கவிழ்தல் என்று தலைப்புகள் உண்டு. கதவுக்குத் தலைப்பு இல்லை. கதவில் மாட்டி விழுந்து பஸ் சக்கரத்தில் இறந்தவர் பஸ்ஸின் கணக்கில் போகிறார். விழுந்து மண்டை உடைந்தவர், யாரும் ஏறாவிட்டால், தானாக விழுந்தவராகவும் போகலாம். கதவைத் திறந்தவர் நல்லவராக இருந்தால் ஆஸ்பத்திரிவரை கூட வருவார். அவர் பெயர் எந்தப் படிவத்திலும் வரவேண்டிய அவசியம் நேராது.

இது நம் நாட்டுக்கு மட்டுமான குறையில்லை. சிகாகோ நகரம் இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 2011 வரை கதவு விபத்துகள் மாநிலக் கணக்கில் சேரவில்லை. சொல்லப்பட்ட காரணம் எளிமையானது: ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் வண்டி சம்பந்தப்பட்டால்தான் அது அவர்களுக்குச் சாலை விபத்து. கார் நின்றுகொண்டிருந்ததே! சைக்கிள்காரர்கள் எழுப்பிய குரலுக்குப் பிறகுதான் அந்த ஆண்டில் அதை எண்ணத் தொடங்கினார்கள்.

கார் நின்றுகொண்டிருந்ததே என்ற இந்த வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஓடும் வண்டியைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், நின்ற வண்டியை மன்னித்துவிடுகிறோம். உள்ளே இருப்பவருக்கும் அப்படித்தான். எஞ்சினை அணைத்தவுடன் அவருடைய பயணம் முடிந்துவிட்டது. ஓட்டும்போது அவர் கண் கண்ணாடியில் இருந்தது, காது ஹார்னில் இருந்தது. சாவியை எடுத்ததும் மனம் வீட்டுக்குள் போய்விடுகிறது: போன் எங்கே, பர்ஸ் எங்கே, கேட்டைத் திறக்க யாராவது வருகிறார்களா. கதவைத் திறப்பது அவருக்கு வீட்டுக்குள் நுழைவதன் முதல் செயல், பயணத்தின் கடைசிச் செயலாக அது தோன்றுவதில்லை. ஆனால் சாலைக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை. ஒரு டன் எடையுள்ள பொருள் அசையாமல் நிற்க, அதன் ஒரு பாகம் மட்டும் ஒரு மீட்டர் தூரம் சாலைக்குள் பாயப்போகிறது. இண்டிகேட்டர் இல்லாமல், ஹார்ன் இல்லாமல் அது பாயும்.

நின்ற வண்டியும் பயன்பாட்டில் இருக்கும் வண்டிதான் என்று நம் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 1987-இல் மகாராஷ்டிரத்தின் நெடுஞ்சாலை ஒன்றில் லாரி மோதி ஒரு பெட்ரோல் டேங்கர் சாலையோரத்தில் கவிழ்ந்தது. சில மணிநேரம் கழித்து அது வெடித்துத் தீப்பிடித்ததில் அருகில் இருந்தவர்கள் இறந்தார்கள். ஓடாமல் கிடந்த வண்டியால் நேர்ந்த சாவை மோட்டார் வண்டியைப் பயன்படுத்தியதால் நேர்ந்த சாவு என்று எப்படிச் சொல்வது என்பது இன்ஷூரன்ஸ் தரப்பின் வாதம். வண்டி அசையாமல் இருக்கும் நேரமும் அதன் பயன்பாட்டுக்குள் அடங்கும் என்று 1991-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீட்டை உறுதிசெய்தது. டேங்கருக்குச் சொன்ன இந்த நியாயம் நம் தெருவில் நிற்கும் காருக்கும் பொருந்தவேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 122-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ விளையும்படி வண்டியைப் பொது இடத்தில் நிற்கவிடக் கூடாது என்கிறது. ஆனால் அது வண்டிக்குப் பொறுப்பாக இருப்பவரைப் பார்த்துப் பேசுகிறது. பின்சீட்டில் உட்கார்ந்து வரும் நமக்கு, வண்டியில் ஏறினால் எல்லாப் பொறுப்பும் டிரைவருடையது என்றே பழக்கம். பிரிட்டனின் 1986-ஆம் ஆண்டு விதி "எந்த நபரும்" என்று தொடங்குகிறது. யாருக்கும் காயமோ ஆபத்தோ ஏற்படும்படி எவரும் கதவைத் திறக்கக் கூடாது, பிறரைத் திறக்க விடவும் கூடாது. பயணியும் அதில் அடக்கம், குழந்தையை இறங்கவிட்ட தகப்பனும் அடக்கம். ஜெர்மனியின் சாலை விதி 14-ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் மற்றவர்களுக்கு ஆபத்து என்ற பேச்சுக்கே இடமில்லாதபடி நடந்துகொள்ளவேண்டும் என்பது அங்கே விதி. முடிந்தவரை கவனி என்று அது சொல்லவில்லை. பாரம் முழுவதையும் கதவின் உட்பக்கத்தில் இருப்பவர் தலையில் வைத்துவிடுகிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வெளியே வருகிறவருக்கு இருப்பது ஒரு வினாடி. உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கிறது.

தியாகராய நகரில் சைக்கிள் கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போய் டீ கொடுக்கும் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டியவர். கொதிக்கும் டீயோடு விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"எப்படிண்ணே இந்த நெருக்கடியில ஓட்டறீங்க?"

"தலைய பாப்பேன் சார். சீட்டுக்கு மேல தலை தெரிஞ்சா அந்த வண்டிய நம்ப மாட்டேன். அப்பறம் இப்பதான் வந்து நின்ன வண்டி. பின்னாடி செவப்பு லைட்டு அணைஞ்சா ஆள் எறங்கப்போறான்னு அர்த்தம். ரெண்டு பக்கமும் லைட்டு மின்னிக்கிட்டு நின்னா கால் டாக்ஸி. அதுல எந்தப் பக்கக் கதவு தொறக்கும்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

"தலை தெரியலன்னா?"

"கருப்புக் கண்ணாடின்னா தலை இருக்குன்னே வெச்சுக்குவேன் சார்."

கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் தடை விதித்தது. பக்கக் கண்ணாடி வழியாகப் பாதி வெளிச்சமாவது, முன்னும் பின்னும் எழுபது சதவீதமாவது ஊடுருவ வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. தீர்ப்பின் கவலை ஓடும் காருக்குள் நடக்கும் குற்றங்களைப் பற்றியது, சைக்கிள்காரரை யாரும் நினைக்கவில்லை. இருந்தும் அந்தத் தீர்ப்பால் தினமும் பயன்பெற வேண்டியவர் இந்த டீக்காரர்தான். பின்கண்ணாடி வழியே ஒரு தலையைப் பார்க்க முடிவது அவருக்கு இரண்டு மூன்று வினாடி முன்னெச்சரிக்கை. ஃபிலிம் ஒட்டிய காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அவர் ஞாபகம்தான் வருகிறது.

தலையைப் பார்ப்பதும் விளக்கைப் பார்ப்பதும் நல்ல பழக்கங்கள். ஆனால் வினாடிக்கு ஒரு கார் என்ற கணக்கில் ஒவ்வொரு காரையும் சோதித்துக்கொண்டு யாரும் நெடுந்தூரம் போகமுடியாது. உறுதியான பாதுகாப்பு ஒன்றுதான்: கதவு எட்டாத தூரத்தில் போவது. முழுதாகத் திறந்த கதவு காரின் பக்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே நீளும். ஹேண்டில்பாரில் பாதி முப்பது சென்டிமீட்டர். ஆக, சக்கரம் காரிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டராவது தள்ளி உருளவேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் இதைத் தெருவில் இறங்கி அளந்தார்கள். 2004-இல் வந்த அந்த ஆய்வில், திறந்த கதவுகளில் 85 சதவீதம் நடைபாதை விளிம்பிலிருந்து ஒன்பதரை அடிக்குள் முடிந்துவிட்டன. அதைக் கொண்டு, சைக்கிள் போகவேண்டிய இடத்தைக் காட்டும் தரைக் குறியை விளிம்பிலிருந்து பதினோரு அடி தள்ளிப் போட்டார்கள். பின்னர் அதுவே அமெரிக்க நாடு முழுவதற்குமான குறைந்தபட்ச அளவாயிற்று. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு, நிற்கும் வண்டிகளிடமிருந்து ஒரு கதவின் அகலமோ ஒரு மீட்டரோ விலகிப் போகச் சைக்கிள்காரருக்குச் சொல்கிறது. அமைதியான தெருக்களில் தடத்தின் நடுவிலேயே போ என்றும் சொல்கிறது. கார்களுக்கு இடையே கிடைக்கும் இடைவெளியில் நுழைந்து நுழைந்து வெளிவருவதைவிட ஒரே நேர்கோட்டில் போவது நல்லது. பின்னால் வருபவர் நம்மைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இதை நம் ஊரில் செய்துபார்க்கும்போதுதான் அந்த ஒரு மீட்டர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வருகிறது. நடுவில் போகிற சைக்கிளின் பின்னால் ஹார்ன் அலறும். பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி "வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டும் மின்னும் விளக்குமாகக் கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஓரளவு வழி கிடைக்கிறது. இரவுப் பணி முடித்து வரும் வாட்ச்மேனுக்கும், கேரியரில் மட்டக்கம்பும் கரணையும் கட்டிக்கொண்டு போகும் கொத்தனாருக்கும், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவிக்கும் அது கிடைப்பதில்லை. அவர்கள் தாமாகவே ஓரத்துக்கு ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்குவது அவர்களுக்குச் சாலையில் மட்டும் கற்றுக்கொடுக்கப்பட்டது இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியபோது, சாலையின் ஒரு பங்கு தங்களுடையது என்று ஊரறியச் சொன்னார்கள். அந்தப் பங்கு எத்தனை அடி அகலம் என்பது இன்னும் தீராத கேள்வி.

சில தெருக்களில் அந்த ஒரு மீட்டரே கிடையாது. இருபதடித் தெரு என்பது ஆறு மீட்டர். இருபுறமும் கார் நின்றால், சுவரோர இடைவெளியையும் சேர்த்து, பக்கத்துக்கு இரண்டு மீட்டர் போய்விடும். நடுவில் மிச்சம் இரண்டு மீட்டர். இருபுறக் கதவுகளும் ஆளுக்கொரு மீட்டர் எடுத்துக்கொண்டால் பாதுகாப்பான இடத்தின் அகலம் பூஜ்யம். அப்படிப்பட்ட தெருவில் நடையைவிடச் சற்று வேகமாக, கையை பிரேக்கில் வைத்தபடி போவதைத் தவிர வழியில்லை. ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்தலாம் என்று மாநகராட்சி முடிவெடுத்தால் அதே தெருவில் சைக்கிளுக்குப் பாதை பிறந்துவிடும். நடைபாதையையும் சைக்கிளையும் முன்னிறுத்தும் மோட்டார் அல்லாப் போக்குவரத்துக் கொள்கையை 2014-இலேயே ஏற்றுக்கொண்ட நகரம் சென்னை. சைக்கிள் பாதை என்று தனியாகக் கோடு போடும்போதும் கவனம் வேண்டும். நிற்கும் கார்களை ஒட்டியே அந்தக் கோட்டைப் போட்டால், கதவு வீசும் இடத்துக்குள்ளேயே போகும்படி அரசே சொன்னதாகிவிடும். உலகின் பல நகரங்களில் அப்படிப் போட்டிருக்கிறார்கள்.

கார் செய்பவர்களும் கொஞ்சம் செய்யலாம். 1984 முதல் 2019 வரை ஓடிய மாருதி வேனின், பின்னாளில் ஆம்னி, பின்கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது. சாலைக்குள் ஒரு விரற்கடை நீளவில்லை. சிக்கனத்துக்காகச் செய்த வண்டியில் சைக்கிள்காரருக்கு ஒரு நன்மை கிடைத்திருந்தது. இப்போது விலை கூடிய சில கார்களில், பின்னால் யாராவது வந்தால் கதவைத் திறக்கவிடாமல் எச்சரிக்கும் கருவி இருக்கிறது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் 2023 முதல் இதையும் சோதிக்கிறது. ஆனால் நம் தெருவில் நிற்கும் கார்கள் இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு இங்கேயேதான் நிற்கும்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. கதவுக்கு எட்டத்தில் இருக்கும் கையால் திறப்பது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், கதவும் வலப்பக்கம். அவர் இடது கையால் திறக்கவேண்டும். இடது கை மார்பைக் கடந்து வலப்பக்கக் கைப்பிடிக்குப் போகும்போது தோள் தானாகத் திரும்பும், தோளோடு தலை திரும்பும், கண் முதலில் கண்ணாடியிலும் பிறகு அதற்குத் தெரியாத இடத்திலும் படும். கதவை முழுவீச்சில் தள்ளவும் அந்தக் கையால் முடியாது. முதலில் கொஞ்சம்தான் திறக்கும். இடப்பக்கம் இறங்கும் பயணி வலது கையால் திறக்கவேண்டும். அவருக்கு இது இன்னும் அவசியம். சிக்னலில் நின்ற காரிலிருந்து, அல்லது நடுச்சாலையில் நிறுத்திய கால் டாக்ஸியிலிருந்து, "இங்கேயே இறங்கிக்கறேன்" என்று சொல்லி இடப்பக்கக் கதவைத் திறக்கும் நொடியில், காருக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு டெலிவரி பைக்கோ சைக்கிளோ நுழைந்துகொண்டிருக்கும்.

நெதர்லாந்துக்காரர்களின் ஓட்டுநர் பயிற்சியில் இது வழக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்த மைக்கேல் சார்னி என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், தன் ஊரில் கதவு விபத்தில் ஒரு சைக்கிள்காரர் இறந்ததை மறக்கமுடியாமல், 2016-இல் இந்தப் பழக்கத்துக்கு டச்சு ரீச் என்று பெயரிட்டுப் பரப்பத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளுக்குள் அது பிரிட்டனின் விதித்தொகுப்புக்குள் நுழைந்துவிட்டது. ஒரு தனிமனிதர் ஓயாமல் எழுதியும் பேசியும் ஒரு பழக்கத்தை நாடு விட்டு நாடு கொண்டுபோயிருக்கிறார்.

தமிழ்நாட்டில் கார் லைசென்ஸுக்குப் போகிறவர் ஹெச் போட்டுக் காட்டுகிறார், ரிவர்ஸ் எடுத்துக் காட்டுகிறார், கியர் மாற்றிக் காட்டுகிறார். எப்படி இறங்குகிறார் என்பதை யாரும் பார்ப்பதில்லை. டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிய எல்லாருக்கும் முதல் நாளில் சீட்டை நகர்த்தவும் பெல்ட் போடவும் கற்றுக்கொடுக்கிறார்கள். அதே நாளில் இடது கையால் கதவைத் திறக்கவும் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். பரீட்சைக்குத் தனியாக எந்த ஏற்பாடும் வேண்டாம். ஓட்டி முடித்து வண்டியை நிறுத்தியதும் விண்ணப்பதாரர் எப்படியும் இறங்கத்தான் போகிறார். மோட்டார் வாகன ஆய்வாளர், பாஸ் என்று எழுதுவதற்கு முன், எந்தக் கை கதவைத் திறக்கிறது என்று பார்த்தால் போதும்.